கொக்கியில் கட்டிய வழி

சீனியம்மாள் அக்கா சட்டை தேடும்போது சட்டையைப் பார்க்க மாட்டார். முதல் நாள் அதைக் கண்டபோது, இந்த அக்காவுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன்.

திருப்பூர் வேலம்பாளையத்தில் கமலாம்பாள் நிட்டிங்ஸ் என்கிற பனியன் கம்பெனியின் சாம்பிள் ரூம் அது. வெளிநாட்டுக்குப் போன ஒவ்வொரு ஆர்டரிலும் ஓர் உருப்படியை மாதிரிக்கென்று நிறுத்தி வைப்பார்கள். அப்படிச் சேர்ந்தது மூவாயிரத்துச் சொச்சம். ஐந்து வரிசை இரும்புக் குழாய்களில் நெருக்கிக்கொண்டு தொங்கும். இடையில் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும்.

வாசலில் ஆஷா வந்து நின்றாள். வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷில் மெயில் எழுதும் மெர்ச்சண்டைசர். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்.

"அக்கா, கைக்குழந்தைக்கு. தோள்ல பட்டன். கை கிடையாது. முந்தின வருசம் போச்சு."

அக்கா உள்ளே போனார். கம்பி வேலியில் குச்சியை இழுத்துக்கொண்டே போகும் பிள்ளை மாதிரி, விரல் ஹேங்கர்களின் கொக்கி மேல் ஓடியது. கண்ணும் கொக்கியில்தான். சட்டைகள் எல்லாம் முழங்கைக்குக் கீழே சும்மா ஆடின. நான் மனசுக்குள் எண்ணினேன். பத்தொன்பது எண்ணுவதற்குள் கையில் ஒரு மஞ்சள் சட்டையோடு வந்துவிட்டார். தோளில் பட்டன். கை இல்லை.

"எப்படிங்கக்கா?" என்றேன்.

"இதுல என்னட்டி எப்படி? இருக்க எடத்துல இருக்கு. எடுத்தேன்."

நான் மதுமதி. பிளஸ் டூவில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டது, நானும் அதைக் கைவிட்டேன். அனுப்பர்பாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதக் கோர்ஸ் படித்து, அங்கேயே வேலைக்கும் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாயிரத்து ஐந்து ஜனவரியில் கோட்டா முடிந்திருந்தது. இனி வெளிநாட்டுக்கு யாரும் எவ்வளவும் அனுப்பலாம் என்றானதும், வாசலில் போர்டு மாட்டியிருந்த ஆட்களுக்கெல்லாம் வெப்சைட் ஆசை பிடித்துக்கொண்டது. கமலாம்பாள் நிட்டிங்ஸுக்கு வெப்சைட் செய்யச் சென்டரிலிருந்து கேமராவும் கையுமாக அனுப்பப்பட்டவள் நான்தான்.

கோர்ஸில் கொடுத்த ஜெராக்ஸ் நோட்ஸில் ஒரு பக்கம் இருந்தது. தலைப்பு, தகவல் கட்டமைப்பு. எது எங்கே இருக்கிறது என்பதை முதலில் தீர்மானி, அதன் பிறகு மெனுவை வரை என்று போட்டிருந்தது. நல்ல மொடமொடப்பான தாள். ராக்கெட் செய்தேன். சாரின் வழுக்கையில் இறங்கியது. அந்தப் பக்கத்தால் நான் அடைந்த பயன் அவ்வளவுதான்.

முதலாளி கந்தவேல், தாயார் கமலாம்பாள் பேரில் கம்பெனி நடத்தும் பெரிய மகன். முதல் நாளே மெனுவை வாயாலேயே வரைந்து கொடுத்துவிட்டார்.

"மேல வரிசையா பட்டன் போடு கண்ணு. மொதல்ல ஒண்ணாவது யூனிட்டு, அது என்றது. ரெண்டாவது என்ற தம்பி முருகேசு. மூணாவது மாப்பிள்ளை கிட்டுசாமி. அவரு கோவிச்சுக்குவாரு, அதனால எழுத்து ஒரே அளவா இருக்கோணும்."

"சரிங்க."

"அப்புறம் அம்மா. அப்புறம் பூசை ரூமு."

"பூசை ரூமுங்களா?"

"ஏன், சாமி இல்லாம ஏவாரமா?"

அப்படியே செய்தேன். எந்தத் துணி எந்த யூனிட்டில் தைத்ததோ, அதன் படம் அந்த யூனிட்டுக்குள். ஒரே குழந்தை செட்டில் சட்டையை அண்ணன் யூனிட்டிலும் கால்சட்டையைத் தம்பி யூனிட்டிலும் தைத்திருந்தால், வெப்சைட்டிலும் சட்டை ஒரு பக்கம், கால்சட்டை ஒரு பக்கம். பாகப்பிரிவினை இண்டர்நெட்டில் ஏறியது. முகப்பில் ஒரு வேல் சுற்றும். அது சுற்றி முடிக்காமல் உள்ளே போக முடியாது. முதலாளி கேட்டது மூன்று சுற்று. அதை ஏழாக்கியது என் சொந்த யோசனை.

வெப்சைட்டைக் காட்டியபோது முதலாளி பூரித்துப்போனார். அந்தப் பூரிப்பிலேயே சொன்னார். "இனி எல்லாத்தையும் இதுலயே பாத்துக்கலாம். சாம்பிள் ரூம் எதுக்கு தெண்டத்துக்கு? காலி பண்ணிட்டு ஆறு ஓவர்லாக் மெஷின் போட்டுடறேன். சீனியம்மாவை மறுபடியும் செக்கிங்குக்கு அனுப்பிடலாம்."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கும் சாதாரணமாகத்தான் கேட்டது. ஆஷாவின் முகம் மட்டும் மாறியது. வெளியே வந்ததும் சொன்னாள். "அக்காவுக்கு இழுப்பு இருக்கு மது. பஞ்சுத் தூசி ஆகாது. அந்த ரூம் போச்சுன்னா அவுகளும் போயிருவாக."

சங்கரன்கோவில் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்தவர் சீனியம்மாள். அஞ்சாவது முடிக்கும்போதே தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சியைக் கட்டையில் அடுக்கப் போய்விட்டார். கல்யாணமாகி, கணவர் தவசியோடு தொண்ணூற்று மூன்றில் திருப்பூர் வந்து இறங்கினார். தவசி சாயப்பட்டறையில் சேர்ந்தார், இவர் செக்கிங் டேபிளில். தைத்து வரும் துணியை விரித்து ஓட்டை பார்ப்பது, பிசிறு வெட்டுவது. ஐந்து வருடத்தில் நெஞ்சுக்குள் பஞ்சு குடிவந்தது. ராத்திரி படுத்தால் விசில் அடிக்குமாம். ஊருக்கே போய்விடுவது என்று மூட்டை கட்டியவரை, பழைய சூப்பர்வைசர் ஒருவர் இரக்கப்பட்டு இந்த அறைக்கு அனுப்பினார். கதவைச் சாத்தினால் தூசி வராது. அப்போது இது அறையே அல்ல. சாக்கு மூட்டைகள். மூட்டை மேல் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெயர் இங்கிலீஷில். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எந்த மூட்டையும் அவரிடம் பேசவில்லை.

அந்த மூட்டைகள் எப்படி இந்த வரிசைகளாயின என்பதை நான் தெரிந்துகொண்டது ஒரு கேவலமான வழியில்.

படம் எடுக்கிற வேலை அலுப்பாக இருந்தது. ஹேங்கர் கொக்கிகளில் துண்டு நூல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. மஞ்சள், பச்சை, கறுப்பு, நீலம். திருப்பூரில் நூலை யார் பார்க்கிறார்கள்? தலைமுடியில் நூல், சோற்றில் நூல், பஸ் சீட்டில் நூல். அக்கா டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு வரிசை முழுக்கப் பச்சையை மட்டும் உருவினேன். நானூறு ஹேங்கராவது இருக்கும். மூன்று பிரியாகப் பின்னினால் அருமையான வால் வந்தது. திரும்பி வந்த அக்காவின் முந்தானையில் பின்பக்கமாகக் குத்திவிட்டேன்.

பச்சை வாலோடு அக்கா தையல் ஃப்ளோர் முழுக்க நடந்து போய்விட்டு வந்தார். மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். பீகார்ப் பையன்கள் கை தட்டினார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தார். "எந்தக் கழுதட்டி எனக்கு வால் வச்சது?" என்று இழுத்து முன்னால் கொண்டுவந்தார். பார்த்தார்.

சிரிப்பு நின்றது. வாலைப் பிரித்து ஒரு நூலை நீட்டி, அதிலிருந்த முடிச்சை விரலால் தடவினார். பிறகு நேரே வரிசைக்குள் போய்க் கொக்கிகளைப் பார்த்தார். அவர் மூச்சு விசில் அடிப்பது எனக்குக் கேட்டது.

"குப்பைன்னு நினைச்சேனுங்கக்கா."

"ஆமா, குப்பைதான். கீழ கெடந்து பொறுக்கினதுதான்." திட்டியிருந்தால் நான் எதிர்த்துப் பேசித் தப்பித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். அக்கா வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து நூலை அளவாக வெட்டிக்கொண்டிருந்தார். "வந்துட்டியா? உன் வாலப் பிரி" என்றார். அன்று முழுக்கக் கட்டினோம். கட்டக் கட்டத்தான் நான் என்னத்தை உருவியிருக்கிறேன் என்பது புரிந்தது.

ஐந்து வரிசையும் துணியின் ஜாதி. ரிப் ஒரு வரிசை, ஒற்றைப் பின்னல் ஒரு வரிசை, இண்டர்லாக் ஒன்று, இப்படி. கலரும் அளவும் ஆர்டருக்கு ஆர்டர் மாறும், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் மாறாதது துணிதான் என்பதால் அதுதான் உருப்படியின் வீடு. வீடு ஒன்றுதான். ஆனால் தேடி வருகிறவர் துணியைக் கேட்டு வருவதில்லையே? அதற்குத்தான் நூல். முதல் நூல் யாருக்கு என்பது. மஞ்சள் கைக்குழந்தை, சிவப்பு பிள்ளைகள், ஊதா பெண்கள், நீலம் ஆண்கள். பச்சை நூல் கழுத்து. ஒரு முடிச்சு வட்டக் கழுத்து, இரண்டு காலர், மூன்று தோள் பட்டன், நான்கு தலைக்குல்லா. கறுப்பு நூல் கை. முடிச்சில்லை என்றால் கை இல்லை, ஒரு முடிச்சு அரைக்கை, இரண்டு முழுக்கை. கழுத்தைக் கேட்டு வந்தாலும் சரி, கையைக் கேட்டு வந்தாலும் சரி, குழந்தைக்கு என்று மொட்டையாகக் கேட்டாலும் சரி, விரல் ஏதோ ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு அதே வீட்டு வாசலுக்குப் போய்விடும்.

ராக்கெட் விட்ட பக்கம் நினைவுக்கு வந்தது. எங்கள் சார் மூன்று நாள் நடத்தியும் எனக்கு ஏறாத பாடம், மூவாயிரம் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கழுத்துதான் முக்கியம்னு உங்களுக்கு யாருங்கக்கா சொன்னது?"

"வாசல்ல நின்னவுகதான்."

ஸ்டூலுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். உள்ளே தீப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டுத் துணி ஒட்டியிருந்தது. ஒன்றில் காலர் நுனி, ஒன்றில் பட்டன், ஒன்றில் கை மடிப்பு. திறந்தால் தீக்குச்சி நிரம்பி வழிந்தது.

"மொத வருசம் எனக்கு ஒண்ணும் ஓடல. எவளாவது வந்து கேட்டா, வாயில மொதல்ல என்ன வருதுன்னு கேப்பேன். கழுத்தச் சொன்னா கழுத்துப் பெட்டியில ஒரு குச்சி. கையச் சொன்னா கைப் பெட்டியில ஒரு குச்சி. எந்தப் பெட்டி மொதல்ல ரொம்புச்சோ அதுக்கு மொதல்ல நூலு கட்டுனேன். இந்தா, இது மட்டும் பாரு."

கடைசித் தீப்பெட்டியைக் குலுக்கினார். சத்தமே இல்லை.

"இது எதுக்குங்க?"

"எந்த யூனிட்டுல தச்சதுன்னு கேக்கவுகளுக்கு. ஏழு வருசமா வச்சிருக்கேன். ஒரு குச்சி விழல."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்தபோதுதான் உறைத்தது. நான் கட்டிய வெப்சைட்டின் மெனுவே அந்தக் காலிப் பெட்டிதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமையே டென்மார்க்கிலிருந்து ஒரு அம்மாவின் மெயில் வந்தது. ஆஷா முதலாளிக்குத் தமிழில் சொன்னாள். தோள் பட்டன் வைத்த குழந்தைச் சட்டையைத் தேடினார்களாம். பதினோரு தடவை அழுத்திய பிறகு ஒரு குத்துவிளக்கு வந்ததாம். படம் அழகாக இருக்கிறது, ஆனால் குழந்தைக்குப் போட முடியாது என்று எழுதியிருந்தார்களாம். வேல் எப்போது நிற்கும் என்றும் கேட்டிருந்தார்களாம்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அக்காவிடம் வாங்கி வந்த தீப்பெட்டிகளை மேஜையில் பரப்பி, குச்சிக் கணக்கைச் சொன்னேன். காலிப் பெட்டியைக் கடைசியாகத் திறந்து காட்டினேன். முதலாளி அதை வாங்கித் தானும் ஒருமுறை குலுக்கினார்.

"யூனிட்டுப் பேர எடுத்துப்போட்டா என்ற தம்பி ஒரு வாரம் சோறு திங்க மாட்டான் கண்ணு."

"எடுக்க வேண்டாமுங்க. எங்களைப் பற்றின்னு தனியா ஒரு பக்கம். அதுல மூணு யூனிட்டும், அம்மாவும், பூசை ரூமும். அம்மா போட்டோ மட்டும் பெருசா."

"வேலு?"

"அங்கயே சுத்தட்டுமுங்க. நிறுத்தவே வேண்டாம்."

அதில் சம்மதம் வந்தது. புதிதாகச் செய்ய எனக்கு ஒரு வாரம். வேலையை ஆரம்பித்த பிறகுதான் ஒரு கணக்கு புரிந்தது, கணக்கில் தோற்றவளுக்கே புரிந்தது. இந்த வெப்சைட் எவ்வளவு நன்றாக வருகிறதோ, அவ்வளவு சீக்கிரம் அக்காவின் அறை காலியாகும். அக்காவின் நூலை எடுத்து அக்காவுக்கே சுருக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நேரே போய்க் கேட்டேன். "அக்கா, கெடுத்துப்போடட்டுங்களா? பாத்தா நல்லா இருக்கற மாதிரியே இருக்கும். உள்ள போனா ஒண்ணும் கெடைக்காது. எனக்கு அது நல்லா வரும்."

"அதுதான் ஊருக்கே தெரியுமே" என்றார். பிறகு கையிலிருந்த நூலை முடிந்துவிட்டு நிமிர்ந்தார். "ஏட்டி, அந்தப் பொம்பள எங்கயோ கடலுக்கு அந்தாண்ட உக்காந்து தேடுதா. பதினோரு தடவ. என் வாசல்ல வந்து நின்னவுகள நான் ஒரு நாளும் அலைய விட்டதில்ல. நீ நல்லாச் செய்யி."

"அப்ப ரூமு?"

"அது அவுக ரூமு."

நல்லாத்தான் செய்தேன். முகப்பிலேயே மூன்று கேள்வி. யாருக்கு, எந்தக் கழுத்து, எந்தக் கை. எதை முதலில் தொட்டாலும் மற்ற இரண்டும் கூடவே வரும். எந்தப் பக்கத்தில் நின்றாலும், எந்த வழியாக வந்தோம் என்பது மேலே மூன்று கலர் நூலாகத் தெரியும். இரண்டாவது அழுத்தலில் சட்டை வந்தது. நூலைக் கட்டி முடித்த பிறகு மெனு வரைய அரைநாள் போதும் என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன்.

ஆனாலும் சும்மா இருக்க முடியுமா? ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு நம்பர் போட வேண்டும். ஒன்று, இரண்டு என்று போடுவதற்குப் பதிலாக, முதலில் துணிக்கு ஓர் எழுத்து, பிறகு நூல் கலர்களின் தமிழ்ப் பேரில் முதல் எழுத்துகள், பக்கத்தில் முடிச்சு எத்தனை என்று போட்டேன். ஒரே மாதிரி நூல் இரண்டுக்கு வந்தால், தொங்குகிற வரிசையில் எத்தனாவது என்றும். வெளிநாட்டுக்காரருக்கு அது ஏதோ கம்பெனி நம்பர். என்னை விட்டால், திருப்பூரில் அதைப் படிக்கத் தெரிந்த ஆள் ஒரே ஒருவர். நினைத்தது நடந்தது. பத்தே நாளில் மெயில்கள் வரத் தொடங்கின. படத்தில் பார்த்தோம், தொட்டுப் பார்க்க வேண்டும், இந்த நம்பரை அனுப்பு. ஆஷா அந்த நம்பரைத் தூக்கிக்கொண்டு ஸ்டோரெல்லாம் ஓடினாள். யாருக்கும் விளங்கவில்லை. அக்காவிடம் படித்துக் காட்டினாள். அக்கா பத்தொன்பது எண்ணுவதற்குள் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஆஷா போனதும் என் காதைப் பிடித்தார். "கள்ளச் சிறுக்கி."

"பூட்டுப் போட்டுட்டனுங்க. சாவி உங்ககிட்ட. இனி ரூமைத் தொடட்டும் பாக்கலாம்."

சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. மறுநாளும் அதற்கு மறுநாளும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மடியில் எதையோ வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை அது வாசலில் தொங்கியது. ஒரு அட்டையில் வெள்ளைப் பனியன் துணி போர்த்தி, அதன் மேல் விரல் நகம் அளவுக்குக் குட்டிக் குட்டிக் கழுத்துகள். நிஜமாகவே தைத்த வட்டக் கழுத்து, நிஜக் காலர், பட்டன் வைத்த தோள், தலைக்குல்லா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதற்குரிய பச்சை நூல், அதற்குரிய முடிச்சோடு. கீழே குட்டிக் கைகள், கறுப்பு நூலோடு. மேலே கைக்குழந்தை, பிள்ளை, பெண், ஆண் என்று நாலு குட்டி உருவம், அதனதன் கலர் நூலோடு. ஓரத்தில் ஐந்து வரிசைக்கும் ஐந்து துண்டுத் துணி, தொட்டுப் பார்க்க. எழுத்தே இல்லை. தமிழ்க்காரர், பீகார்க்காரர், டென்மார்க்காரர், படிக்காதவர் யார் வந்தாலும் போதும்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "பூட்டிக் குடுத்தேன். தொறந்து வெச்சுட்டீங்களேக்கா!"

"நாளைக்கு நான் ஊருக்குப் போறேம்லா. கோயில் கொடை. ஒரு வாரம் ஆவும். அதுக்குள்ள யாராவது வந்து நின்னா?"

"நிக்கட்டும்! அப்பத்தான உங்க அருமை தெரியும்."

"என் அருமை தெரியதுக்கு அவ ஏன் நிக்கணும்?" என்றார். சேலை நுனியால் அட்டையின் மேலிருந்த தூசியைத் தட்டினார். "ஒருத்திக்கு மட்டும் தெரிஞ்சா அது வழியாட்டி? ஒளிச்சு வச்சதுல்லா."

வைகாசிக் கொடைத் திருவிழாவுக்குத் தெற்கத்திக்காரர்கள் பஸ் ஏறினால் வேலம்பாளையத்தில் பாதி மெஷின் தூங்கும். திங்கட்கிழமை முதலாளி சாக்கும் நாலு ஆளுமாக சாம்பிள் ரூம் வாசலில் நின்றார். நான் புதுப் படங்கள் ஏற்ற வந்திருந்தேன்.

"சீனியம்மா வர்றதுக்குள்ள முடிச்சுப்போடோணும். நேர்ல நின்னு பாத்துச்சுன்னா எனக்கு மனசு வராது" என்று என்னிடம் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஆட்கள் சாக்கை விரிக்கும்போது ஆஷா ஓடி வந்தாள். டென்மார்க்கம்மா மூன்று நம்பர் அனுப்பியிருக்கிறார்கள், நாலு மணிக்குக் கூரியர் போகிறது, இன்று போகாவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். நான் எழப் போனேன். முதலாளி கையைக் காட்டினார். "இரு. மூட்டை கட்ட வந்தவன் நான். நானே எடுத்துக் குடுக்கறேன்."

அக்காவிடம் கேட்டுக் கேட்டு அந்த நம்பர் பழகியிருந்த ஆஷா முதலாவதைப் படித்தாள். ரிப், மஞ்சள், பச்சை மூன்று, கறுப்பில் முடிச்சில்லை. முதலாளி அட்டையின் முன்னால் நின்று குட்டிக் கழுத்துகளைப் பார்த்தார். துண்டுத் துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். வரிசைக்குள் ஒருக்களித்து நுழைந்தார். தொப்பைக்குக் கொஞ்சம் கஷ்டம். விரல் கொக்கி மேல் தயங்கித் தயங்கி ஓடியது. நின்றது.

"அட!"

மஞ்சள் சட்டையைத் தூக்கிப் பிடித்தார். இரண்டாவதையும் அவரே எடுத்தார். மூன்றாவதையும். மூன்றும் எடுத்து முடித்த பிறகும் வெளியே வரவில்லை. நீலம், இரண்டு முடிச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு காலர் பனியனை எடுத்தார். "இது நாங்க மொத மொத இட்டாலிக்கு அனுப்புனது. இது இங்கயா இருக்குது? இத்தன வருசமா இந்த ரூமுக்குள்ள வந்தா எனக்குத் தலை சுத்தும் கண்ணு. கேக்கவும் வெக்கம். மொதலாளிக்கே அவன் சரக்கு எங்கிருக்குன்னு தெரியலைன்னு சொல்லுவாங்கல்ல?"

அவர் குரல் கோயிலுக்குள் பேசுகிற குரலாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மாதிரி சந்தர்ப்பங்கள் எனக்குக் குறைவு.

அந்த நேரம் பார்த்து சாம்பிள் டெய்லர் பன்னிரண்டு புது உருப்படிகளைக் கொண்டுவந்து நீட்டினார். உற்சாகத்தில் இருந்த முதலாளி, "குடு, நானே மாட்டறேன்" என்றார். முதல் உருப்படி கைக்குழந்தைக்கு. தலைக்குல்லா. மஞ்சள் நூல், பச்சை நாலு முடிச்சு. சரி. ஆனால் உடம்பு ஒற்றைப் பின்னல், கை ரிப். முதலாளி இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்றார். இங்கே ஒரு அடி வைத்தார், அங்கே ஒரு அடி வைத்தார்.

"இது எங்க மாட்டறது கண்ணு?"

"தெரியலீங்க."

"நீதான கம்ப்யூட்டர்ல ஏத்துனே?"

"அக்கா மாட்டுன இடத்தைப் பாத்துத்தானுங்க ஏத்துனேன். அக்கா மாட்டாம எனக்கும் இடம் தெரியாது."

இரண்டாவதற்குக் கழுத்தே புதுசு, அட்டையில் இல்லாதது. மூன்றாவதைப் பிள்ளைகள் என்பதா பெண்கள் என்பதா என்று டெய்லருக்கே தெரியவில்லை. பன்னிரண்டையும் முதலாளி அக்காவின் ஸ்டூல் மேல் வைத்தார். சாக்கு ஆட்கள் பீடி பற்றவைக்கப் போய்விட்டார்கள். "சாக்கைச் சுருட்டச் சொல்லு. சீனியம்மா வரட்டும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அக்கா வந்தபோது ஸ்டூலைக் காணோம். அதன் மேல் நாற்பது உருப்படிகள் குன்றாகக் கிடந்தன. நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் முதலாளியே வந்துவிட்டார். கையில் அந்தக் குல்லாச் சட்டை.

"சீனியம்மா, இது எங்கிருக்கோணும்னு அஞ்சு நாளா யோசிக்கறேன். தூக்கத்துலயும் வருதுங்க."

அவர் அக்காவுக்கு 'ங்க' போட்டதை நான் அன்றுதான் கேட்டேன்.

அக்கா சட்டையை வாங்கி, உடம்பைத் தடவினார், கையைத் தடவினார். "ஒடம்பு எதுவோ அதுதான் வீடு மொதலாளி" என்று ஒற்றைப் பின்னல் வரிசையில் மாட்டி நூல் கட்டினார். பிறகு ஒரு காலி ஹேங்கரை எடுத்து, ரிப் வரிசையில், ரிப்பாக இருந்தால் அந்தச் சட்டை இருந்திருக்கும் இடத்தில் தொங்கவிட்டார். அதன் கொக்கியில் அதே மஞ்சள், அதே பச்சை. கூடவே ஒற்றைப் பின்னல் துணியில் ஒரு சின்னத் துண்டு.

"இது எதுக்குங்க, காலியா?"

"ரிப்ன்னு நெனச்சு இங்க தேடி வரவுக ஏமாந்து போகக்கூடாதுல்லா? அங்க போய்ப் பாருன்னு இது சொல்லும்."

முதலாளி அந்தக் காலி ஹேங்கரைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்சம் ஆடியது. தப்பான இடத்துக்கு வரப்போகிறவருக்காக, வருவதற்கு முன்னாலேயே, அந்தத் தப்பான இடத்தில் போய்க் காத்திருக்கிற ஒன்று. நான் அன்று சாயங்காலமே வெப்சைட்டில் அதே மாதிரி ஒன்றைச் செய்தேன். ஆனால் அப்படி ஒன்று வேண்டும் என்று எனக்கு இந்த ஜென்மத்தில் தோன்றியிருக்காது.

ஆறு ஓவர்லாக் மெஷினும் முதலாளியின் ஆபீஸ் அறையில் பாதியை மறைத்து உள்ளே போயின. "மெஷின் எங்க வேணா நிக்கும். அது தேடி யாரும் வரப்போறதில்ல" என்று தம்பி முருகேசிடம் காரணம் சொன்னாராம். சாம்பிள் ரூமுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் வந்தது. அக்காவுக்கு அந்த வருடம் விசில் குறைந்தது.

ஒரே ஒரு தொந்தரவு. முதலாளிக்கு ருசி கண்டுவிட்டது. தினமும் பதினோரு மணிக்கு டீயோடு வந்து, அட்டையைப் பார்த்து, நூல் பிடித்து, எதையாவது தேடிக் கண்டுபிடித்து, "அட!" என்று சொல்லிவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டுப் போவார். தேடப் பழகிய மனிதர், மாட்டப் பழகவில்லை. அவர் போனதும் அக்கா எழுந்து போய், தப்பான வரிசையில் தொங்குவதை எடுத்து அதன் வீட்டில் விடுவார்.

"சொல்லிரலாமேக்கா, திருப்பி வெக்க வேண்டாம்னு?" என்றேன் ஒரு நாள்.

அக்கா விரலைக் கொக்கி மேல் ஓட்டிக்கொண்டே சொன்னார். "சும்மாரு. அவரு தப்பா மாட்டுத வரைக்கும் எனக்கு வேல இருக்கு."